விசில் ஊதிய நேரம்

ஹொப்ன், ஐஸ்லாந்து
9 அக்டோபர் 1988

கோல்பெய்ன்,

உன் முகவரியை உன் அம்மாவிடம் வாங்கினேன். கடைக்கு வந்தவரிடம், ஏதோ பழைய புத்தகத்தை உனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுபோல, மாவுப் பையைக் கட்டிக்கொண்டே கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "எழுதும்மா, எழுது. எனக்கு மாசத்துக்கு ஒரு தடவ நாலு வரி போடறான். அதுல மூணு வரி மழையப் பத்தி" என்றார்.

நார்வேயில் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறாயாம். நான் அதே கூட்டுறவுக் கடையில் அதே கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். நீ கிளம்பிப் போய்விட்டாய். எனக்குக் கிளம்பத் தெரியவில்லை. வால்போர்க் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார். இருபத்தோரு வயது மகன் பிராந்துரைப் புதைத்தவர் காபித்தூளும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு, "நீயும் அன்னைக்கு என்ன பாடு பட்டியோ" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கையை நான் அன்றைக்கு முழுவதும் எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிகிறேன்.

ஆனால் எழுதுவது அதற்காக இல்லை. போன மாதம் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் பிரிக்கும் நாளன்று வால்போர்க்கின் மூத்தவன் ஊல்வார் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குடித்திருக்கவில்லை. முகம் மட்டும் காய்ச்சல்காரன் முகம்போல இருந்தது.

"தாக்னி, எனக்கு ஞாபகம் வந்துடுச்சு" என்றான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீ விசில் ஊதினது எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவ, தெளிவா. தம்பி கிளம்பிட்டான். நான்தான், 'இருடா, அந்த நீலச் சுவர இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துடு'ன்னேன். நான்தான் அவன நிறுத்தி வச்சேன் தாக்னி. நான் கொன்னுட்டேன்."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பனிக்குகையில் தலையில் அடிபட்டு அன்றைய நாளே அவன் மனதிலிருந்து அழிந்து கிடந்தது. தண்ணீர் ஏறியதுமே விசில் ஊதினோம், அவர்கள்தான் தாமதமாக வந்தார்கள் என்று நாம் எல்லாரிடமும் சொன்னோம். ஏன் தாமதித்தோம் என்று அவன் ஒன்றரை வருஷமாக யோசித்து, கடைசியில் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதே" என்றேன். பக்கத்தில் நின்ற ஆட்டின் காதைப் பிடித்து அடையாளம் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பதில் எழுது.

தாக்னி


ஓலெசுன், நார்வே
2 நவம்பர் 1988

தாக்னி,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இங்கே விடாத மழை. ஒரு பழைய மீன்பிடிக் கப்பலின் அடித்தளத்தில் வேலை நடக்கிறது. குனிந்தே நிற்பதால் முதுகு போய்விட்டது.

தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகம் அப்படி இப்படித்தான் வரும், போகும். ஊல்வாருக்கும் போய்விடும். நீ அதைக் கிளறாமல் இருப்பது நல்லது. குளிர்காலம் வந்துவிட்டால் அவனுக்கும் தொழுவத்தில் வேலை சரியாக இருக்கும்.

நீ எழுதியதைப் படித்தால் நாம் ஏதோ கதை கட்டியதுபோல இருக்கிறது. நீ விசில் ஊதவில்லையா? ஊதினாய். தண்ணீர் வரவில்லையா? வந்தது. நான் உள்ளே போய் ஊல்வாரை இழுத்து வரவில்லையா? நேரம் ஒன்றுதான் கொஞ்சம் முன்னே பின்னே. அதைச் சொல்லி இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது? பிராந்துர் எழுந்து வரப்போகிறானா?

என் அம்மாவைப் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

கோல்பெய்ன்


ஹொப்ன்
27 நவம்பர் 1988

நேரம் ஒன்றுதான் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையிலிருந்தே வெதுவெதுப்பான காற்று. கூரைகளிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. "இந்தக் காத்துல பனியாத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க" என்று துறைமுகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் அடுத்த வாரம் பிராந்துர் வேலைக்காக ரெய்க்யாவிக் போகிறான், புதுக் கேமரா வாங்கியிருக்கிறான், குகைக்குள் இருக்கும் அந்தப் பெரிய கூடத்தைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று நிற்கிறான். நாம் நாலு பேரும் எத்தனை குளிர்காலம் எத்தனை பனிக்குகைக்குள் போயிருக்கிறோம், நமக்குத் தெரியாததா என்று இருந்தோம்.

தெரிந்ததால்தான் ஒரு விதி வைத்தோம். குகை வாயில் ஓடுகிற ஓடையில் சிவப்பு நாடா கட்டிய குச்சியை நட்டோம். ஒருவர் எப்போதும் அதைப் பார்த்துக்கொண்டு வாயிலிலேயே உட்கார வேண்டும். தண்ணீர் நாடாவைத் தொட்டால் மூன்று விசில். உள்ளே இருப்பவர்கள் அப்படியே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும்.

முதல் காவல் உன்னுடையது. நான் ஊல்வாரோடும் பிராந்துரோடும் உள்ளே போனேன். தவழ்ந்து, குனிந்து, வளைவைத் தாண்டி மேடேறி நிமிர்ந்தால் அந்தக் கூடம். எவ்வளவு நீலம்! எந்த எரிமலை எப்போது கக்கியதோ, அந்தச் சாம்பல் கறுப்புக் கோடுகளாகச் சுவருக்குள் ஓடியது. பிராந்துர் அண்ணாந்து பார்த்து, "திமிங்கிலத்தோட வயித்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்குடா" என்றான். "அப்போ நீதான் அதோட மத்தியானச் சாப்பாடு, அசையாம நில்லு" என்றான் ஊல்வார். எல்லாரும் சிரித்தோம். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு நான் காவலுக்கு வெளியே வந்தேன். நீ உள்ளே போயிருக்க வேண்டும். மழை பிடித்துவிட்டது. "ஜீப்புல காபி இருக்கு, வா, பத்தே நிமிஷம்" என்றாய். ஜீப் சரளை மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. அங்கிருந்து குகை வாய் தெரியாது. எனக்குத் தெரியும் அது தெரியாது என்று. போனேன்.

துறைமுகக் கோடியில் இருக்கிற அந்த வீட்டை வாங்கலாமா, என்னோடு இருக்கிறாயா என்று கேட்டாய். சரி என்றேன். கண்ணாடியெல்லாம் நம் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் அது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பாதிரியாரிடமா, வால்போர்க்கிடமா?

திரும்பி வந்தபோது மணி இரண்டு ஐந்து. நாடா இல்லை. குச்சியே இல்லை. ஓடை பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் விசிலை வாயில் வைத்தேன்.

நீ உள்ளே பாய்ந்தாய். மார்பளவுத் தண்ணீரிலிருந்து ஊல்வாரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய். உன் பின்னால் கூரை விழுந்தது. பிராந்துரை மூன்றாம் நாள் கீழே மணல்வெளியில் கண்டெடுத்தார்கள்.

முப்பத்தைந்து நிமிடம், கோல்பெய்ன். கொஞ்சம் முன்னே பின்னே.

தாக்னி


ஓலெசுன்
18 டிசம்பர் 1988

தாக்னி,

என்னை மன்னித்துவிடு என்று எழுதத் தொடங்கினேன். அது உன்னிடம் கேட்க வேண்டியது இல்லை.

நான் எதையும் மறக்கவில்லை. நான் தங்கியிருக்கும் அறைக்கு எதிரே பள்ளி மைதானம். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். முதல் சனிக்கிழமை நடுவர் விசில் ஊதியதும் நான் தெருவிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். குடிகாரன் என்று நினைத்து ஒரு கிழவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் சனிக்கிழமை கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறையிலேயே இருக்கிறேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால் முதலில் வாயைத் திறந்தது நான்தான். "தண்ணி ஏறின உடனே இவ விசில் ஊதிட்டா" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை உன்மேல் சுமத்தியவன் நான். ஜீப்புக்குக் கூப்பிட்டவனும் நான். நீ காவலில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைத் தனியாகப் பிடித்துக் கேட்க நான் ஒரு மாதமாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் அதன் கதை. எனவே நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஊல்வாருக்கு நானே எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கழியட்டும். பண்டிகை நேரத்தில் அவன் கையில் அப்படி ஒரு கடிதம் கிடைக்க வேண்டாம்.

கோல்பெய்ன்


ஹொப்ன்
15 ஜனவரி 1989

கோல்பெய்ன்,

பண்டிகைக்காக நீ காத்திருந்தாய். அவன் காத்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்து, புகைபோட்ட ஆட்டுக்கறியை வெட்டி வைத்து இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: விசில் கேட்டது, தம்பி கிளம்பினான், நான்தான் நிறுத்தினேன் என்று.

இருபத்தேழாம் தேதி வால்போர்க் கடைக்கு வந்தார். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா அந்தச் சின்னவனத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் தாக்னி. கல்லறைக்குப் போய் நின்னு திட்டுவேன். சொன்ன பேச்சக் கேக்காத கழுதை, விசில் ஊதினா வரத் தெரியாதான்னு. இப்போ பெரியவன் வந்து, நான்தான் நிறுத்தினேங்கறான்" என்றார். "கெளம்பிப் போடா, என் கண்ணு முன்னாடி நிக்காதேன்னுட்டேன்."

நான் அவருக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தேன். சில்லறை எடுத்துக் கொடுத்தேன். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கதவு சாத்திக்கொண்டது, அவர் போய்விட்டார்.

ஊல்வார் இப்போது துறைமுகத்தில் வலை போட்டு வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொள்கிறான். ஆடுகளுக்குத் தீவனம் வைக்க மட்டும் வீட்டுப் பக்கம் போகிறான், அம்மா வெளியே வராத நேரமாகப் பார்த்து. அவனுடைய துப்பாக்கியைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஏதோ சாக்குச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாராம். இது உனக்குப் புரிகிறதா?

கோல்பெய்ன் கடிதம் போட்டானா என்று அவனைக் கேட்டேன். "அவன் எதுக்கு எனக்குப் போடணும்? உயிரக் காப்பாத்தினான், அது போதாதா?" என்றான்.

பிப்ரவரி கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் உன் கடிதம் அவனுக்கு வரவில்லை என்றால் நான் போய்ச் சொல்லிவிடுவேன். இரண்டு பேரிடமும்.

தாக்னி


ஓலெசுன்
12 பிப்ரவரி 1989

தாக்னி,

அவசரப்படாதே. கோடைக்கு நான் வருகிறேன். இருவரும் சேர்ந்து போய், முறையாக, பாதிரியாரையும் வைத்துக்கொண்டு சொல்வோம்.

என் அம்மாவுக்கு எழுபது வயது. அந்த ஊரில் அவர் எப்படி நடமாடுவார்? கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் அது. உன் வேலை என்ன ஆகும்? நீ எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. உன் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக நாலு பேர் தலையில் போடப் பார்க்கிறாய்.

நீ என்னைக் கேட்காமல் சொன்னால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு என்னைத் தள்ளிவிடாதே.

கோல்பெய்ன்


ஹொப்ன்
12 மார்ச் 1989

கோல்பெய்ன்,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் நானே எனக்கு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கையெழுத்தில் பார்த்தபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

போன ஞாயிறு கொட்டகைக்குப் போய் ஊல்வாரைக் கூப்பிட்டேன். "உங்கம்மா வீட்டுக்கு வா. ஒரு விஷயம் இருக்கு. நீ உள்ள வர வேண்டாம், வாசல்லயே நில்லு, கேட்டாப் போதும்" என்றேன். எதுவும் கேட்காமல் வந்தான். இளைத்துப்போய், ஸ்வெட்டர் தோளில் தொங்கியது. வால்போர்க் கதவைத் திறந்து அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்படிக்குத் திரும்பிப் போனார். கதவைச் சாத்தவில்லை.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று நின்றுகொண்டே சொன்னேன். காவல் என்னுடையது. நான் வாயிலில் இல்லை. ஜீப்பில் உட்கார்ந்து கோல்பெய்னோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது குச்சியே முழுகிவிட்டது. ஊல்வார் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை, நிறுத்தி வைக்க நேரமே இருக்கவில்லை.

"எத்தன மணிக்கு ஊதினே?" என்றார் வால்போர்க்.

"ரெண்டு அஞ்சுக்கு."

"எப்போ ஊதியிருக்கணும்?"

"தெரியல. நான்தான் பாக்கலியே."

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்து வழிந்தது. அவர் அதை இறக்கி வைக்கவில்லை. "நீ ஊதினது அவனுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. நீ அப்போது பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தாய், தண்ணீர் இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது.

"கேட்டுச்சு. பதில் குடுத்தான்" என்றேன்.

"என்னன்னு?"

"'வர்றோம், வர்றோம்! காபிய முழுசா குடிச்சுத் தீர்த்துடாதீங்க!'ன்னு கத்தினான்."

அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் காபி அப்போதே தீர்ந்துபோயிருந்தது என்பதையும் சொன்னேன். எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று போயிருந்தேன்.

"சிரிச்சுக்கிட்டா சொன்னான்?"

"ஆமா."

"ஊதின உடனேயா?"

"உடனே. நான் மூணாவது விசில முடிக்கல, அதுக்குள்ள."

"உடனே வந்திருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "சொன்ன பேச்சக் கேட்டிருக்கான். நான் அங்க போய் நின்னு..."

பிறகு வாசலைப் பார்த்து, "உள்ள வாடா. கதவச் சாத்து, குளிர் வருது" என்றார். ஊல்வார் உள்ளே வந்தான். என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். அவன் என்னைத் தொட்டுவிடாமல் ஒதுங்கிப் போனதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நீ போ" என்றார் வால்போர்க் என்னிடம். வந்துவிட்டேன்.

மறுநாள் அதிகாரியிடம் போய் வாக்குமூலத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊருக்குத் தெரிய ஒரு நாள்தான் ஆயிற்று. யாரும் திட்டவில்லை. என் கல்லாவில் மட்டும் யாரும் வந்து நிற்பதில்லை. பக்கத்துக் கல்லாவில் எட்டுப் பேர் நின்றாலும் அங்கேயே நிற்கிறார்கள். வேலையை விட்டுவிட்டேன். வடக்கே அகுரேரியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். மறுக்க வேண்டுமானால் மறுத்துக்கொள்.

தாக்னி


ஓலெசுன்
2 ஏப்ரல் 1989

தாக்னி,

மறுக்கமாட்டேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பிய அன்றைக்கே தபால் நிலையத்துக்குத் திரும்ப ஓடினேன். தபால் பை கப்பலுக்குப் போய்விட்டது என்றார்கள். அதை எழுதியது வேறு யாரோ என்று சொல்ல ஆசைதான். நான்தான் எழுதினேன்.

என் அம்மாவிடமிருந்தும் கடிதம் வந்தது. ஒரே வரி. "இனி மழையைப் பற்றி எழுதாதே, வந்து சேர்."

மே மாதம் முதல் வாரக் கப்பலில் இடம் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் கணக்கு முடித்துவிட்டேன். நீ அங்கே இருப்பாயா?

கோல்பெய்ன்


அகுரேரி
23 ஏப்ரல் 1989

கோல்பெய்ன்,

இருக்கமாட்டேன். இங்கே ஒரு ரொட்டிக் கடையில் காலை வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து மணிக்கு மாவு பிசையத் தொடங்கினால் மதியம்வரை எதையும் நினைக்க நேரமில்லை.

எனக்காக வருவதாக இருந்தால் வராதே. ஊல்வாருக்காக வா. நான் என் பங்கைத்தான் சொன்னேன். உன் பங்கை உன் வாயால் அவன் கேட்கவில்லை.

ஜீப்பில் நான் சொன்ன "சரி"யை நீ இன்னும் வைத்திருக்கிறாயா என்று தெரியவில்லை. எனக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை, அதோடு வாழவும் முடியவில்லை. ஒரு பையன் என் விசிலை நம்பி உள்ளே நின்றுகொண்டிருந்தபோது சொன்ன வார்த்தை அது. இதைப் பற்றி இனி நீயும் எழுதாதே.

மற்றதை எழுது. எல்லாவற்றையும்.

தாக்னி


ஹொப்ன்
11 ஜூன் 1989

தாக்னி,

வந்து ஒரு மாதமாகிவிட்டது. எல்லாவற்றையும் எழுது என்றாய். அதனால்தான் இவ்வளவு நாள்.

வந்த மறுநாளே ஊல்வாரின் பண்ணைக்குப் போனேன். ஆடுகள் குட்டி போடுகிற பருவம், உனக்குத் தெரியுமே. தொழுவத்துக்குள் மண்டியிட்டு, முழங்கைவரை இரத்தத்தோடு ஒரு ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கையக் கழுவிட்டு வந்து தலையப் பிடி" என்றான்.

பிடித்தேன். குட்டி பின்கால் முன்னே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம். கடைசியில் இரண்டு குட்டிகள், இரண்டும் உயிரோடு. அவன் வைக்கோலால் அவற்றைத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் பேசினான்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"பயம்."

"எனக்குப் பயமில்லையாடா? ரெண்டு வருஷமா அந்த விசில் சத்தம் என் காதுல கேட்டுச்சு. இல்லாத சத்தம். அந்த நீலச் சுவர், அவன் மூஞ்சி, நான் 'இருடா'ன்னு சொன்னது, எல்லாம் அப்படியே தெரியுது. இப்பவும் தெரியுது. பொய்யின்னு தெரிஞ்சும் போகல. இத எங்க கொண்டு போய்க் கொட்டறது, சொல்லு."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஜீப்புக்குக் கூப்பிட்டது நான், அதிகாரியிடம் முதலில் பொய் சொன்னது நான். அவன் தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொன்று இருந்தது தாக்னி. உனக்கும் தெரியாதது. நான் நார்வேக்கு ஓடியதே அதனால்தான்.

"உள்ள வளைவுக்கு வந்தப்போ எனக்கு ரெண்டு நெத்தி விளக்கும் தெரிஞ்சுது" என்றேன்.

அவன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான்.

"ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் இருந்தீங்க. தண்ணி இழுத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு கையால பனிக்கோடாரிய அடிச்சுப் பிடிச்சிருந்தேன். இன்னொரு கைதான் இருந்துச்சு. அவன் ஒரு சாண் கிட்டக்க இருந்தான். நான் அவனத் தாண்டி உன்னப் பிடிச்சேன்."

"ஏன்?"

"நீ என் சிநேகிதன். அவன் உன் தம்பி. அப்போ வேற ஒண்ணும் தோணல."

குட்டிகளில் ஒன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. ஊல்வார் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதானா என்று தெரியவில்லை, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான், கையெல்லாம் இரத்தமாக இருந்ததால் முகமும் அப்படியாகிவிட்டது.

கடைசியில், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அம்மா முன்னாடி போய் உக்காரு. மத்ததெல்லாம் சொல்லு. இத மட்டும் நீயா சொல்லாதே. கேட்டா மறைக்காதே" என்றான். "இப்போ போ. இந்த ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும்."

மறுநாள் போனேன். வால்போர்க் காய்ந்த மீனும் வெண்ணெயும் வைத்தார். நான் சொல்லி முடித்த பிறகு கேட்கத் தொடங்கினார். அன்று வழியில் பிராந்துர் என்ன சாப்பிட்டான். காதை மூடுகிற தொப்பி போட்டிருந்தானா. ஜீப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ரெய்க்யாவிக் போவதைப் பற்றி என்ன சொன்னான், அங்கே ஏதாவது பெண் இருந்தாளா. எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறும் வா" என்றார். குரலில் அன்பெல்லாம் இல்லை. வேலைக்காரனுக்கு உத்தரவு போடுவதுபோல இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் கேள்விகள் குகைக்கு ஒரு படி அருகில் வருகின்றன. போன வாரம், கூடத்தில் எந்தச் சுவரை அவன் படம் எடுத்தான் என்று கேட்டார். நேற்று முன்தினம் அம்மாவோடு கடைக்குப் போனேன். வால்போர்க் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "தண்ணி ரொம்பக் குளிரா இருந்திருக்குமா?" என்றார், வரிசையில் இத்தனை பேர் இருக்க. "ஆமா, வால்போர்க்" என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஊல்வார் சில ஞாயிறுகளில் கூடவே உட்கார்ந்திருப்பான். சில நாள் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை. வேலை இருந்தால் கூப்பிடுகிறான், போகிறேன்.

இன்று மதியமும் போய் வந்தேன். "நீ உள்ள போனப்போ" என்று தொடங்கினார். நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஆறிப்போகுது, குடி" என்றார்.

அவருக்குப் பாதி தெரியும் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு அவருக்கும் தெம்பு வேண்டும். அடுத்த ஞாயிறு கேட்கலாம், அடுத்த வருஷம் கேட்கலாம். நான் இந்த ஊரைவிட்டு எங்கும் போவதாக இல்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.

கோல்பெய்ன்